தேர்தலில் தோற்ற கட்சி உடையப் போகிறதா? முன்கூட்டியே கண்டுபிடிக்கும் வழி

வாக்கு எண்ணி முடித்த அன்றைக்கு ராத்திரியே டிவியில் "கட்சி உடையுமா?" என்று விவாதம் ஆரம்பித்துவிடும். அன்றைக்கு எந்தக் கட்சியும் உடையாது. 1977 மார்ச்சில் தோற்ற காங்கிரஸ் 1978 ஜனவரியில்தான் இரண்டானது. 2019 நவம்பரில் இலங்கை ஜனாதிபதித் தேர்தலில் தோற்ற ஐக்கிய தேசியக் கட்சி, அடுத்த பொதுத்தேர்தலுக்கு வேட்புமனு போடும் நேரத்தில், 2020 மார்ச்சில் பிளந்தது. 2021 மே 2-ம் தேதி ஆட்சியை இழந்த அதிமுக, 2022 ஜூலை 11 வரை, அதாவது 14 மாதம், வெளியே ஒரே கட்சியாகத்தான் இருந்தது.

இந்த இடைவெளிதான் நமக்கு முக்கியம். அத்தனை மாதமும் உள்ளே வேலை நடந்துகொண்டிருக்கும், அதற்கான தடயம் எல்லாம் நம் கண்ணுக்குத் தெரிகிற இடத்திலேயே இருக்கும், எங்கே பார்க்க வேண்டும் என்று தெரிந்தால் போதும். நான் இதை எழுதுவது முக்கியமாகக் கிளைச் செயலாளர்கள், வட்டச் செயலாளர்கள், பூத்தில் உட்கார்ந்தவர்கள், அவர்கள் வீட்டில் இருப்பவர்கள் ஆகியோருக்காக. கட்சி உடைந்தால் பெரிய தலைவர்களுக்கு வக்கீல் இருப்பார், அடுத்த கூட்டணி இருக்கும். ஒரு கிராமத்தில் இருபது வருடம் சேர்ந்து கொடி கட்டிய இரண்டு பேர் எதிரெதிரே நின்றால் அதைச் சரிசெய்ய யாரும் வரமாட்டார்கள். அதனால் முன்கூட்டியே தெரிந்துகொள்வது உங்களுக்குத்தான் அதிகம் தேவை.

எனக்கு நன்றாகத் தெரிந்தது அதிமுகவின் கதை, அதை நடுவில் வைத்துக்கொண்டு மற்றதைத் தொட்டுக்கொள்கிறேன். வேறு எந்தக் கட்சிக்கும் நீங்கள் இதையே பொருத்திப் பார்க்கலாம்.

முதல் வேலை: தள்ளிப்போட்ட சண்டைகளை எழுதுங்கள்

ஒரு நோட்டை எடுத்து, அந்தக் கட்சி ஆட்சியில் இருந்த காலத்தில் "இப்போது வேண்டாம், அப்புறம் பேசிக்கொள்ளலாம்" என்று விட்ட விஷயங்களை எல்லாம் எழுதுங்கள். தோல்வி புதுச் சண்டை எதையும் கொண்டுவருவது அபூர்வம். பழைய சண்டையை மூடி வைத்திருந்த மூடியைத்தான் அது எடுக்கிறது, அந்த மூடி பெரும்பாலும் ஆட்சி.

அதிமுகவுக்கு அந்தப் பட்டியல் இப்படி இருந்திருக்கும். 2016 டிசம்பர் 5-ல் ஜெயலலிதா மறைவு. 2017 பிப்ரவரி 7-ல் ஓ. பன்னீர்செல்வம் மெரினாவில் அமர்ந்து தொடங்கிய தர்மயுத்தம். அதே வருடம் ஆகஸ்ட் 21-ல் அவர் அணியும் எடப்பாடி பழனிசாமி அணியும் இணைந்தன. செப்டம்பர் 12 பொதுக்குழுவில் ஒருங்கிணைப்பாளர், இணை ஒருங்கிணைப்பாளர் என்று இரண்டு பதவி உருவானது. கட்சியில் முதலிடம் ஒருங்கிணைப்பாளரான பன்னீர்செல்வத்துக்கு, ஆட்சியில் முதலிடம் முதலமைச்சரும் இணை ஒருங்கிணைப்பாளருமான பழனிசாமிக்கு. இந்தக் கட்சிக்கு யார் தலைவர் என்ற கேள்விக்குப் பதில் சொல்லாமல் அதைத் தள்ளி வைத்த ஏற்பாடு இது. ஆட்சி இருந்தவரை ஓடியது.

ஓடியது என்று சும்மா சொல்லவில்லை. 2019 மக்களவைத் தேர்தலில் அதிமுக கூட்டணிக்குத் தமிழ்நாட்டில் தேனி ஒன்றுதான் கிடைத்தது. அதைவிடப் பெரிய தோல்வி வேறென்ன வேண்டும்? ஆனாலும் கட்சி உடையவில்லை. அதே நாளில் எண்ணப்பட்ட 22 சட்டமன்ற இடைத்தேர்தல்களில் 9 இடம் ஜெயித்ததால் ஆட்சி தப்பித்தது. அமைச்சர் அமைச்சராகவே இருந்தார், மாவட்டச் செயலாளருக்கு மாவட்டத்தில் செல்வாக்கு அப்படியே இருந்தது, யாருக்கும் சண்டை போட அவசரம் இல்லை. ஆகவே தோல்வியின் அளவை மட்டும் பார்த்துக் கணக்குப் போடாதீர்கள். தோற்ற பிறகும் பங்கிட ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று பாருங்கள். மாநிலத்தில் ஆட்சி, உள்ளாட்சிகள், கூட்டுறவுச் சங்கங்கள், டெல்லியில் ஒரு பங்கு, இதில் ஏதாவது ஒன்று இருந்தால் அது கொஞ்ச நாள் தாங்கும். எதுவுமே இல்லை என்றால் மிஞ்சுவது கட்சி மட்டும்தான், அப்போது சண்டை கட்சிக்காகவே நடக்கும்.

தோல்வியின் வரைபடம்

இதைப் பலபேர் விட்டுவிடுகிறார்கள். மொத்த இடங்களை மட்டும் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். தோல்வி எல்லா மாவட்டத்திலும் ஒரே மாதிரி விழாது, எங்கே விழவில்லை என்பதில்தான் அடுத்த தலைவர் யார் என்பதற்கான பதில் பாதி இருக்கிறது.

2021-ல் அதிமுக 66 இடங்களில் ஜெயித்தது. கோயம்புத்தூர் மாவட்டத்தின் 10 தொகுதிகளும் அதிமுக கூட்டணிக்கு. பழனிசாமியின் சேலம் மாவட்டத்தில் 11-ல் 10. தேனி மாவட்டத்தில் 4 தொகுதிகளில் போடிநாயக்கனூர் மட்டும், அது பன்னீர்செல்வம் நின்ற தொகுதி. ஆண்டிபட்டி, பெரியகுளம், கம்பம் மூன்றும் திமுகவுக்குப் போயின. இப்போது யோசித்துப் பாருங்கள், கட்சிக் கூட்டத்தில் இருவரும் எதிரெதிரே உட்காரும்போது ஒருவருக்குப் பின்னால் அவர் பகுதியில் ஜெயித்த வரிசை இருக்கிறது, இன்னொருவருக்குப் பின்னால் அவர் மட்டும்தான் இருக்கிறார். "யாரால் தோற்றோம்" என்ற கேள்வி அந்த நிமிடமே ஒரு பக்கம் சாய்ந்துவிடுகிறது.

ஆகவே முடிவு வந்த வாரமே மாவட்டவாரியாக ஒரு கணக்கு எடுங்கள். யாருடைய ஆட்கள் ஜெயித்தார்கள், யாருடைய ஆட்கள் தோற்றார்கள், இந்த இரண்டு பட்டியல் போதும். ஜெயித்தவர்கள் எல்லாம் ஒரே தலைவரின் பகுதியிலிருந்து வந்திருந்தால், அந்தத் தலைவர் இனி பங்கு கேட்கமாட்டார், முழுதாகக் கேட்பார்.

பைலாவை வாங்கிப் படியுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும்தான் செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள். கட்சியின் சட்ட விதிகள் புத்தகத்தை, நாம் பைலா என்று சொல்வதை, வாங்கி உட்கார்ந்து படியுங்கள். கட்சியின் கொள்கை விளக்கப் பக்கங்களைத் தாண்டி, நிர்வாகப் பக்கத்துக்கு வாருங்கள். நான்கு கேள்விக்குப் பதில் தேடுங்கள்: பொதுக்குழுவை யார் கூட்டலாம், எத்தனை நாள் முன்னறிவிப்பு, விதியை யார் திருத்தலாம், வேட்பாளருக்குக் கட்சிச் சின்னம் கிடைக்கத் தேவையான ஏ படிவத்திலும் பி படிவத்திலும் யார் கையெழுத்து போடுவார்.

கையெழுத்து ஒருவருடையது என்றால் அந்தக் கட்சியில் பிளவு என்பது "வெளியே போவது" என்ற வடிவத்தில்தான் வரும். கையெழுத்து இருவருடையது என்றால் பிளவு உள்ளேயே நடக்கும், இரண்டு பேரும் "நான்தான் கட்சி" என்று சொல்ல முடியும், வழக்கு வருடக்கணக்கில் போகும். இரண்டும் வேறு வேறு வகை, தயாராகிக்கொள்ள வேண்டிய விதமும் வேறு.

அதிமுகவில் எம்.ஜி.ஆர். காலத்து விதிப்படி பொதுச்செயலாளரை அடிப்படை உறுப்பினர்கள் எல்லோரும் சேர்ந்து தேர்ந்தெடுக்க வேண்டும். ஜெயலலிதா மறைவுக்குப் பிறகு அந்த இடத்தை நிரந்தரப் பொதுச்செயலாளர் என்று அவருக்கே விட்டுவிட்டு, ஒருங்கிணைப்பாளரும் இணை ஒருங்கிணைப்பாளரும் சேர்ந்து கையெழுத்திட வேண்டும் என்று வைத்தார்கள். 2021 டிசம்பரில் இந்த இரண்டு பதவிக்கும் ஒரே ஓட்டு, இருவரையும் சேர்த்துத்தான் அடிப்படை உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று திருத்தி, இருவரும் போட்டியின்றித் தேர்வானார்கள். வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு ஒற்றுமை வந்துவிட்டதாகத் தெரிந்தது. விதியைப் படித்தவர்களுக்கு, இனி ஒருவர் இல்லாமல் இன்னொருவர் ஒரு காகிதத்தைக்கூட நகர்த்த முடியாது என்று தெரிந்திருக்கும். ஆறே மாதத்தில் அந்த முடிச்சுதான் இறுகியது.

அதே புத்தகத்தில் இன்னொரு விதி. பொதுக்குழு உறுப்பினர்களில் ஐந்தில் ஒரு பங்கு பேர் எழுதிக் கேட்டால் சிறப்புப் பொதுக்குழுவைக் கூட்டியாக வேண்டும். ஒரு பக்கம் "இருவர் கையெழுத்து இல்லாமல் கூட்டமே செல்லாது" என்றது, மறுபக்கம் "உறுப்பினர்கள் கேட்டுவிட்டார்கள், கூட்டித்தான் ஆக வேண்டும்" என்றது. இரண்டுக்கும் ஆதாரம் ஒரே பைலா! அடுத்த எட்டு மாத வழக்கு முழுக்க இந்த இரண்டு வரிக்கு நடுவில்தான் நடந்தது. உங்கள் கட்சி பைலாவில் இப்படி ஒன்றோடொன்று இடிக்கிற இரண்டு விதி இருக்கிறதா என்று பென்சிலால் கோடு போட்டு வையுங்கள்.

எந்தத் தலைகளை எண்ண வேண்டும்

எல்லோரும் எம்.எல்.ஏ.க்களை எண்ணுவார்கள். அது பழைய பழக்கம். 1985-ல் கட்சித் தாவல் தடைச் சட்டம் வந்தபோது மூன்றில் ஒரு பங்கு பேர் பிரிந்தால் பதவி போகாது என்று ஒரு வழி வைத்திருந்தார்கள். 2003-ல் வந்த அரசியலமைப்புத் திருத்தம் அந்த வழியை அடைத்துவிட்டது. இப்போது மூன்றில் இரண்டு பங்கு பேர் வேறு கட்சியில் இணைந்தால்தான் பாதுகாப்பு. 66 எம்.எல்.ஏ. உள்ள கட்சியில் அது 44 பேர். 44 பேர் கையில் இருந்தால் ஒருவர் ஏன் வெளியே போகப் போகிறார், கட்சியையே எடுத்துக்கொள்வாரே. அதனால் தோற்ற கட்சியின் எம்.எல்.ஏ. பெரும்பாலும் பேசாமல் உட்கார்ந்திருப்பார், அந்த மௌனத்தை விசுவாசம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

நீங்கள் எண்ண வேண்டியது மாவட்டச் செயலாளர்களையும் பொதுக்குழு உறுப்பினர்களையும். காரணம், சின்னத்துக்குச் சண்டை வந்தால் தேர்தல் ஆணையம் 1968-ம் வருடச் சின்னங்கள் ஆணையின் 15-வது பத்தியின்படி முடிவு செய்கிறது. 1969 காங்கிரஸ் பிளவு சம்பந்தமான சாதிக் அலி வழக்கில் 1971-ல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது. யார் கட்சியின் கொள்கையில் நிற்கிறார், யார் விதிப்படி நடந்தார், யாருக்குப் பெரும்பான்மை, இந்த மூன்றையும் பார்ப்பார்கள். நடைமுறையில் கடைசியில் நிற்பது எண்ணிக்கை, கட்சி அமைப்பிலும் சட்டமன்றத்திலும் எத்தனை பேர் என்பது.

அதிமுக பொதுக்குழுவில் 2,600-க்கு மேல் உறுப்பினர்கள். அவர்களை அழைத்து வருகிறவர் மாவட்டச் செயலாளர், பஸ் ஏற்பாடு செய்கிறவரும் அவர்தான். 2022 ஜூன் 14-ல் நடந்த மாவட்டச் செயலாளர்கள் கூட்டத்தில்தான் "ஒற்றைத் தலைமை" என்ற பேச்சு வெளியே வெடித்தது. சண்டையின் முடிவு கிட்டத்தட்ட அன்றைக்கே எழுதப்பட்டுவிட்டது என்பது என் கருத்து, ஏனென்றால் பெரும்பாலான மாவட்டங்கள் அன்று ஒரே பக்கம் நின்றன. அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் அதை எப்படிச் சட்டப்படி ஆக்குவது என்பதுதான்.

உங்கள் வேலை எளிது. மாவட்டச் செயலாளர்கள் பட்டியலை எடுத்து, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, இவரை நியமிக்கச் சொன்னது யார் என்று எழுதுங்கள். உள்ளூரில் விசாரித்தால் எல்லோருக்கும் தெரிந்திருக்கும். தோல்விக்குப் பிறகு மாவட்டங்களைப் பிரித்துப் புதுச் செயலாளர்களைப் போட ஆரம்பித்தால் பட்டியலை மறுபடி போடுங்கள். நிர்வாக வசதிக்காக என்று அறிக்கை சொல்லும். எனக்கு அது பொதுக்குழுக் கணக்காகத்தான் தெரியும்.

கேட்கவும் பார்க்கவும் வேண்டிய சின்ன விஷயங்கள்

முதலில், எதிர்க்கட்சித் தலைவர் தேர்வு. தோற்ற கட்சி பங்கிடும் முதல் பதவி அது. ஒரே கூட்டத்தில் முடிந்தால் நல்லது. 2021-ல் மே 7-ம் தேதிக் கூட்டம் முடிவில்லாமல் கலைந்து, மே 10-ல்தான் பழனிசாமி தேர்வானார், பன்னீர்செல்வம் துணைத் தலைவரானது ஜூன் 14-ல். ஒரு பதவிக்கு இவ்வளவு நேரம் எடுக்கிறது என்றால் உள்ளே பேச்சுவார்த்தை பதவியைப் பற்றியது மட்டும் அல்ல.

அப்புறம் போஸ்டர். யார் படம் விட்டுப்போயிருக்கிறது, யார் பெயர் வரிசையில் கீழே போனது. இதை நாம் எல்லோரும் ஏற்கெனவே பார்க்கிறோம், ஆனால் தேதி போட்டு வைப்பதில்லை. போனில் ஒரு படம் எடுத்துச் சேமித்து வையுங்கள், ஆறு மாதம் கழித்து வரிசையாகப் பார்த்தால் புரியும்.

சொற்களையும் கவனியுங்கள். "தொண்டர்களின் விருப்பம்" என்று ஒரு மேல்மட்டத் தலைவர் சொன்னால் அவர் பொதுக்குழு எண்ணிக்கையில் பலவீனமாக இருக்கிறார். "பொதுக்குழுவுக்கே அதிகாரம்" என்று சொன்னால் அவரிடம் எண்ணிக்கை இருக்கிறது. "கட்சி ஒற்றுமைக்காக எந்தத் தியாகத்துக்கும் தயார்" என்பது பேரம் இன்னும் நடக்கிறது என்று அர்த்தம். "துரோகி" என்ற சொல் மேடையில் பெயரோடு வந்துவிட்டால் பேரம் முடிந்துவிட்டது. 2022-ல் இந்த நான்கு கட்டத்தையும் சில வாரங்களுக்குள் பார்த்தோம்.

பொருளாளர் பதவி யாரிடம் இருக்கிறது, தலைமை அலுவலகச் சாவி யாரிடம், கட்சிப் பத்திரிகையும் டிவியும் யார் பெயரில் பதிவாகியிருக்கின்றன என்பதையும் விசாரியுங்கள். 2022 ஜூலை 11 காலையில் வானகரத்தில் பொதுக்குழு நடந்துகொண்டிருந்த அதே நேரத்தில், ராயப்பேட்டை தலைமை அலுவலகத்தில் இரு தரப்பும் மோதிக்கொண்டு, வருவாய்த்துறை வந்து கட்டடத்துக்குச் சீல் வைத்தது. எம்.ஜி.ஆர். இருந்த, ஜெயலலிதா இருந்த அந்தக் கட்டடத்தின் வாசலில் கட்சிக்காரனும் கட்சிக்காரனும் கல்லெறிந்து ரத்தம் சிந்தியதை டிவியில் பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட வருத்தம் இன்னும் போகவில்லை. சாவியை எடப்பாடி தரப்பிடம் கொடுக்கச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது ஜூலை 20-ல். அதே பொதுக்குழுவில் பொருளாளர் பொறுப்பு பன்னீர்செல்வத்திடமிருந்து திண்டுக்கல் சீனிவாசனுக்குப் போனது, வங்கிக் கணக்கு யார் கையில் என்ற கேள்வியும் கூடவே எழுந்தது.

காலண்டரில் வட்டமிட வேண்டிய தேதிகள்

கட்சி எப்போது உடையும் என்று கேட்டால் என் பதில்: அடுத்த தடவை யாராவது ஒரு படிவத்தில் கையெழுத்து போட வேண்டிய நாளுக்குச் சற்று முன்னால். வேட்புமனுத் தாக்கல் தொடங்கும் தேதி, இடைத்தேர்தல் அறிவிப்பு, மாநிலங்களவை இடம் காலியாகும் தேதி, உட்கட்சித் தேர்தல், இவற்றை எல்லாம் வட்டமிடுங்கள்.

2022 ஜூலையில் தமிழ்நாட்டில் காலியாக இருந்த உள்ளாட்சி இடங்களுக்குத் தேர்தல் நடந்தது. சின்னத் தேர்தல், பத்திரிகைகளில் மூலையில் வந்த செய்தி. ஒருங்கிணைப்பாளர் கையெழுத்து போடத் தயார் என்றார், மறுதரப்பு அந்தப் பதவியே காலாவதியாகிவிட்டது என்றது. கடைசியில் அதிமுகவினர் இரட்டை இலை இல்லாமல் சுயேச்சையாக நின்றார்கள். வார்டு உறுப்பினர் ஆக வேண்டும் என்று காத்திருந்த ஒரு சாதாரணத் தொண்டனுக்கு அந்தச் சின்னம் கிடைக்காமல் போனதுதான் அந்தப் பிளவின் முதல் சேதம் என்று நான் நினைக்கிறேன், யாரும் அதைப் பெரிதாகப் பேசவில்லை.

இலங்கையில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். அங்கே கட்சியிலிருந்து நீக்கப்பட்டால் நாடாளுமன்ற உறுப்பினர் பதவியே போகக்கூடும், அதனால் நாடாளுமன்றம் நடக்கும்போது வெளியேறுவது ஆபத்து. 2019 ஜனாதிபதித் தேர்தலில் ஐக்கிய தேசியக் கட்சியின் துணைத் தலைவர் சஜித் பிரேமதாச சுமார் 42 சதவீத வாக்கு வாங்கித் தோற்றார். ஐக்கிய தேசியக் கட்சியின் தலைமையை ரணில் விக்கிரமசிங்க விடவில்லை, பைலாவும் செயற்குழுவும் அவர் பக்கம் இருந்தன. 2020 மார்ச் 2-ல் நாடாளுமன்றம் கலைக்கப்பட்டது, இழக்க உறுப்பினர் பதவி இல்லை என்றானது, அந்த மாதமே பெரும்பாலான முன்னாள் உறுப்பினர்கள் சஜித் தலைமையில் ஐக்கிய மக்கள் சக்தி என்ற பெயரில் தொலைபேசிச் சின்னத்தில் வேட்புமனு போட்டார்கள். புதுக் கட்சியைப் பதிவு செய்ய நேரம் எங்கே? ஏற்கெனவே பதிவில் இருந்த ஒரு சிறு கட்சியை எடுத்துப் பெயர் மாற்றிக்கொண்டார்கள். இதையும் குறித்துக்கொள்ளுங்கள், தோற்ற கட்சியின் பிரமுகர் ஒருவருக்கு நெருக்கமானவர்கள் யாருக்கும் தெரியாத ஒரு சிறு பதிவுக் கட்சியோடு திடீரென்று பேச ஆரம்பித்தால் அது பலமான அறிகுறி.

கோர்ட் உத்தரவைப் படிக்கும் விதம்

வழக்கு தொடங்கிவிட்டால் குழப்பம் அதிகமாகும், தினமும் ஒரு பக்கம் பட்டாசு வெடிக்கும். 2022 ஜூன் 23 பொதுக்குழுவில் ஏற்கெனவே கொடுத்த 23 தீர்மானங்களைத் தவிர வேறு எதையும் நிறைவேற்றக்கூடாது என்று விடியற்காலையில் உயர் நீதிமன்ற உத்தரவு வந்தது, கூட்டத்தில் அந்த 23-ஐயும் நிராகரித்து ஜூலை 11-க்கு அடுத்த கூட்டம் அறிவித்தார்கள். ஜூலை 11 காலை 9 மணிக்கு நீதிமன்றம் தடையில்லை என்றது, சிறிது நேரத்தில் கூட்டம் தொடங்கி, இரட்டைப் பதவிகள் நீங்கி, பழனிசாமி இடைக்காலப் பொதுச்செயலாளரானார், பன்னீர்செல்வம் நீக்கப்பட்டார். ஆகஸ்ட் 17-ல் தனி நீதிபதி ஜூன் 23 நிலைமையே தொடர வேண்டும் என்றார். செப்டம்பர் 2-ல் இரு நீதிபதிகள் அமர்வு அதை ரத்து செய்தது. 2023 பிப்ரவரி 23-ல் உச்ச நீதிமன்றம் அமர்வின் தீர்ப்பை உறுதி செய்தது. மார்ச் 28-ல் பழனிசாமி பொதுச்செயலாளர், ஏப்ரல் 20-ல் தேர்தல் ஆணையப் பதிவு.

இதில் நடுவில் ஆகஸ்ட் 17 அன்று "ஜெயித்துவிட்டோம்" என்று நம்பி வெளிப்படையாக ஒரு பக்கம் போய் நின்றவர்கள் எத்தனை பேர், பதினாறே நாளில் அவர்கள் நிலைமை என்ன ஆனது என்று நினைத்துப் பாருங்கள். ஆகவே எந்த உத்தரவு வந்தாலும் முதலில் கேட்க வேண்டியது: இது இடைக்காலமா இறுதியா, மேல்முறையீடு எங்கே, எத்தனை நாளில். நீதிமன்றம் பொதுவாகக் கட்சிக்குள் யார் தலைவர் என்று தேர்ந்தெடுத்துக் கொடுப்பதில்லை, நடைமுறை சரியா என்று பார்க்கிறது. எண்ணிக்கை யாரிடம் இருக்கிறதோ அவர் நடைமுறையைத் திருத்திக்கொண்டு மறுபடி வருவார்.

எந்தத் துண்டு பிழைக்கும்

இதற்கு ஒரே பதில் கிடையாது. சின்னம் பெரிய சொத்து, ஆனால் அதுவே எல்லாம் என்று நம்பினால் ஏமாந்துபோவீர்கள். 1977-ல் காங்கிரஸ் 154 இடங்களுக்கு இறங்கியது, இந்திரா காந்தி ரேபரேலியிலேயே தோற்றார். 1978 தொடக்கத்தில் பிளவு வந்தபோது கட்சித் தலைவர் பிரம்மானந்த ரெட்டி மறுபக்கம், பசுவும் கன்றும் சின்னம் இந்திராவுக்குக் கிடைக்கவில்லை. புதிதாகக் கை சின்னம் எடுத்தார். ஒரு சில வாரத்தில் கர்நாடகம், ஆந்திரா இரண்டிலும் ஜெயித்தார், 1980-ல் 353 இடங்கள். வாக்காளர் யார் முகத்துக்குப் போட்டார் என்பதுதான் அங்கே தீர்மானித்தது.

இலங்கையில் யானைச் சின்னமும் 1946-லிருந்து வந்த பெயரும் ரணில் பக்கமே இருந்தன. 2020 ஆகஸ்டில் அந்தக் கட்சிக்கு 2.15 சதவீதம், தேசியப் பட்டியலில் ஒரே இடம். தொலைபேசிக்கு 54 இடம்.

அதிமுகவில் 2022-க்குப் பிறகு நடந்தது இதற்கு நேர் எதிர். இங்கே இரட்டை இலை வைத்திருந்தவர் பக்கம் அமைப்பு நின்றது. 2024-ல் பன்னீர்செல்வம் ராமநாதபுரத்தில் பலாப்பழச் சின்னத்தில் சுயேச்சையாக நின்று, அதே பெயரில் வேறு சில வேட்பாளர்களும் நின்ற குழப்பத்தைத் தாண்டி, அதிமுக வேட்பாளரை முந்தி இரண்டாவது இடம் வந்தார். தனி மனிதராக அது சிறிய விஷயம் இல்லை, ஆனால் ஒரு தொகுதியில் இரண்டாவது இடம் என்பது கட்சி ஆகாது.

தோல்வி ஒட்டவைத்த கதையும் நம்மிடமே இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட்டால் படம் முழுமையாகாது. 1987 டிசம்பர் 24-ல் எம்.ஜி.ஆர். மறைந்ததும் கட்சி ஜானகி அணி, ஜெயலலிதா அணி என்று இரண்டானது, இரட்டை இலை முடங்கியது. 1989 ஜனவரி தேர்தலில் ஜானகி அணிக்கு இரட்டைப் புறா, ஜெயலலிதா அணிக்குச் சேவல். சேவலுக்கு 27 இடம், புறாவுக்கு 2, ஆட்சி திமுகவுக்கு. அடுத்த மாதமே இணைந்தார்கள், இலை திரும்ப வந்தது, மார்ச்சில் மருங்காபுரி, மதுரை கிழக்கு இரண்டு இடைத்தேர்தலிலும் ஜெயித்தார்கள். இணைப்பு ஏன் முடிந்தது என்றால், யார் பெரியவர் என்ற கேள்விக்கு வாக்காளர் 27-க்கு 2 என்று பதில் சொல்லிவிட்டார், ஜானகி அம்மாள் அதை ஏற்று அரசியலிலிருந்து ஒதுங்கினார். ஒருவர் ஒதுங்கத் தயாராக இல்லாத இடத்தில் எந்தக் கணக்கும் கட்சியை ஒட்டவைக்காது. ஆகவே உங்கள் கட்சியில் தோற்ற பக்கத்துத் தலைவர் ஒதுங்கக்கூடியவரா, அவருக்குப் பின்னால் பதவி எதிர்பார்க்கும் மகனோ மருமகனோ நண்பர் கூட்டமோ இருக்கிறதா என்று பாருங்கள்.

நீங்கள் உள்ளே இருப்பவர் என்றால்

உறுப்பினர் அட்டையைப் புதுப்பித்து வையுங்கள், ரசீதோடு. பிளவு வந்தால் உங்கள் பெயர் எந்தப் பட்டியலில் இருக்கிறது என்பதே உங்கள் பலம்.

வெற்றுத்தாளில் கையெழுத்து போடாதீர்கள். சின்னச் சண்டையில் இரு தரப்பும் ஆணையத்துக்குக் கொடுக்கக் கட்டுக் கட்டாகப் பிரமாணப் பத்திரம் சேகரிப்பார்கள், 2017-ல் அதைப் பார்த்தோம். மாவட்ட அலுவலகத்திலிருந்து ஒருவர் பைக்கில் வந்து "சும்மா ஒரு கையெழுத்துதான் அண்ணே, கணக்குக்காக" என்பார். அது சத்தியம் செய்து கொடுக்கும் பத்திரம். முழுதாகப் படியுங்கள், தேதியைப் பாருங்கள், போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தெரிந்தவர் கேட்டார் என்று இரண்டு பக்கத்துக்கும் போட்டுக் கொடுத்தவர்கள் பிறகு எந்தப் பக்கத்திலும் தலைகாட்ட முடியாமல் தவிப்பார்கள், அதோடு பொய்ப் பிரமாணம் என்ற சட்டச் சிக்கலும் இருக்கிறது.

கிளையின் பணம், கொடிக்கம்பம், படிப்பகம், மைக் செட் எல்லாம் யார் பெயரில் இருக்கிறது என்று இப்போதே, நல்ல உறவு இருக்கும்போதே, எல்லோரும் உட்கார்ந்து ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு இந்தக் கம்பம் யாருடையது என்று போலீஸ் ஸ்டேஷன் போகும் நிலைமை வராது.

யார் பக்கம் என்று கேட்டு அழுத்தம் வரும்போது, பொதுக்குழு முடியட்டும், ஆணையம் சொல்லட்டும் என்று அவகாசம் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. அந்த அவகாசத்தில் மாவட்டச் செயலாளர் பட்டியல், பைலா, உங்கள் ஊர் வாக்கு நிலவரம் மூன்றையும் ஒருமுறை சேர்த்துப் பாருங்கள். எதிர்ப்பக்கம் போகப் போகிற பக்கத்துத் தெருக்காரர் வீட்டுக்கும் அதற்கு முன்னால் ஒரு நடை போய்விட்டு வாருங்கள், நாளைக்கு என்ன அறிக்கை வந்தாலும் வீட்டு விசேஷத்துக்கு வந்து போவோம் என்று இருவரும் நேரில் பேசி வைத்துக்கொள்வதற்கு.